மேகமடையில் பார்க்க வேண்டியவை

ஜன்னல் மேடைக்குக் கீழே ஓர் ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

குழந்தை இருக்கிற வீட்டில் ஆரஞ்சுத் தோல் கிடக்கத்தான் செய்யும், இதில் மிரள என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். ஆனால் சாய்மா வீட்டில் ஆரஞ்சு கிடையாது. மகள் மஹ்விஷுக்கு அதைப் பார்த்தாலே தொண்டை கட்டிக்கொள்ளும் என்பது சாய்மாவின் முடிந்த முடிவு. குழந்தைக்கு ஏழு வயதாகிறது, அந்தப் பழம் இன்னும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்த சாய்மா குனிந்து எடுத்தாள். தோல் வாடியிருக்கவில்லை. லேசாக மடக்கியதும் அதன் எண்ணெய் விரலில் பீச்சியது. யாரோ இப்போதுதான் உரித்துத் தின்றிருக்கிறார்கள்.

அப்புறம்தான் அந்த வாசனை பிடிபட்டது. ஐப்பசி மழையில் ராஜா அண்ணாமலைபுரத்துச் சந்து வீடுகளுக்கென்று ஒரு வாசனை உண்டு. சாக்கடை நிரம்பிய வாசனை, காயாத துணி, கீழ்வீட்டுக் கோமளம் மாமி தாளிக்கிற பெருங்காயம் எல்லாம் சேர்ந்து ஈரச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஹால் முழுக்க யூகலிப்டஸ் தைல வாசனை நின்றது. மூக்கில் ஏறும் குளிர்ந்த வாசனை. வாசல் மிதியடியில் மண். செக்கச் செவேலென்று இருந்தது. அந்தத் தெருவில் என்ன மழை பெய்தாலும் காலில் ஒட்டுவது கறுப்புச் சேறுதான்.

மஹ்விஷைக் கேட்டாள். தான் மாமி வீட்டில்தான் இருந்ததாகவும், அம்மா வருகிற சத்தம் கேட்டுத்தான் மேலே வந்ததாகவும் சொல்லிவிட்டு, குழந்தை ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்து வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டது. இரவு தையல் கடையிலிருந்து வந்த கணவன் ஷோயப், மழைக்கு ஒதுங்கிய எவனாவது படியேறி வந்திருப்பான் என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கல்யாண சீசனில் ஷெர்வானி தைக்கிறவனுக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறாது. பூட்டிய கதவுக்குள் எப்படி ஒதுங்குவான் என்று சாய்மாவும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வராவிட்டால் அப்புறம் அந்தக் கேள்வியோடு தூங்க வேண்டுமே.

சாய்மாவின் பிழைப்பு குரல். வடபழனி பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், சீரியலில் மாமியாரிடம் திட்டு வாங்கும் மருமகள்களுக்கெல்லாம் அவள்தான் அழுவாள். அங்கே அழுகைக்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்த காலத்தில்தான் அய்யாதுரை வந்தார். தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் தென்மாவட்டக் குடும்பம். அண்ணன் தம்பிகளெல்லாம் பட்டு விற்க, இவர் மட்டும் மலையை விற்றார். வெள்ளி இரவு தி. நகரில் கிளம்பும் வேன், சனிக்கிழமை பகலில் மேகமடைப் பள்ளத்தாக்கில் இறங்கும். வழிகாட்டி வைத்தால் அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும், தங்க இடம் கொடுக்க வேண்டும். குரலுக்கு அந்த வம்பு இல்லை. ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும், டிரைவர் மதிவாணன் அந்தந்த இடம் வந்ததும் பட்டனைத் தட்டிவிடுவான்.

மேகமடையைச் சாய்மா பார்த்ததில்லை. சென்னையைத் தாண்டி அவள் போனதே நாகூர் வரைக்கும்தான். ஆனாலும் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ரசித்துப் பேசினாள். இடது பக்கம் அருவி, குளிக்கலாம், வழுக்கும், கவனம். ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறித்துத் தின்னலாம். அடுத்து தைலம் காய்ச்சும் கொட்டகை. அதன் பிறகு தொங்குபாலம், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக் கூடாது. பாலம் முடிந்ததும் மலைமுகட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. பாலத்துக்கும் பாதைக்கும் நடுவில்தான் ஓர் அரை நிமிடம் மிஞ்சியது.

“இன்னா மேடம், இங்க அரை நிமிசம் காலியா கீது,” என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஆனந்தகுமார். “எதுனா பேசி ரொப்பிடுங்க.”

குரல் வேலையில் காலி இடம் என்பது பாவம். வாய் அசைந்தால் ஏதாவது பேசியாக வேண்டும், பேப்பரில் இல்லாவிட்டால் நீயாகப் பேசு. இப்படி ரொப்பி ரொப்பியே பழகிய தொழில் அது. அதில் ஒரு சூட்சுமமும் உண்டு. கண்ணால் பார்க்காததைச் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மனசுக்குள் கொண்டுவந்து, அதைப் பார்த்துப் பேச வேண்டும். சாய்மா கண்ணை மூடினாள். அன்றைக்கும் மழை. வீட்டு ஞாபகம் வந்தது. வீட்டையே பேசினாள். பாலம் தாண்டியதும் வலப்பக்கம் ஓர் ஓட்டு வீடு. கதவு திறந்தே இருக்கும், தயங்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். மஞ்சள் திரை போட்ட ஜன்னல். சுவரில் ஒட்டகம் மாதிரி ஓர் ஈரக்கறை. அப்புறம் இன்னும் ஏதோ இரண்டு வரி வாயில் வந்தது, சொன்னாள். அதற்குள் இசை வந்துவிட்டது. ஆனந்தகுமார் கட்டைவிரலை உயர்த்தினான். வெளியே வந்து டீ குடித்ததோடு அவள் அதை மறந்தும் போனாள்.

ஆரஞ்சுத் தோல் கிடந்ததற்கு அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டில்தான் இருந்தாள். மஹ்விஷ் மதரஸாவுக்கு ஓதப் போயிருந்தாள். மாலை அஸர் தொழுகைக்கு நேரமாகி, உள்ளறையில் விரிப்பைப் போட்டு நின்றாள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது.

தொழுகையின் இரண்டாவது சுற்றான ரக்அத்தில் ஹாலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது.

தொழுகையில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்க முடியாது. ஓதிக்கொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பினாள். ஒரு செருப்பு இல்லை, பல. நனைந்த செருப்புகள் தரையில் சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம், பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்கிற சத்தம், ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்க ஒரு பெண் அதை அதட்டுகிற சத்தம், இவற்றுக்கெல்லாம் மேலே கல்யாண வீட்டில் கேட்பது போல அந்த மெல்லிய இரைச்சல், ஆட்கள் நிறைய இருந்தும் யாரும் சத்தமாகப் பேசாத இரைச்சல். தைல வாசனை கதவிடுக்கு வழியாக விரிப்புவரை வந்தது. போட்டோ எடுக்கிற சத்தம். மறுபடியும். பிறகு, கதவுக்கு மிக அருகில், ஓர் ஆணின் குரல். அதட்டல் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான் இருந்தது.

“இங்கதான் இருக்கும்னு சொன்னாங்க. காணோமே.”

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழுந்து கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. வாசல் கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது. மஞ்சள் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, மூடிய ஜன்னலில். தரையெல்லாம் சிவப்பு மண். ஜன்னல் மேடையில், மஹ்விஷ் உட்காருகிற இடத்தில், யாரோ தடவிப் பார்த்த மாதிரி ஈரக் கைத்தடம்.

உடனே கீழே போனாள். கோமளம் மாமி கதவைத் திறந்தவுடனேயே, “உங்காத்துல ஏதாவது விசேஷமாம்மா? ஒரே நடமாட்டமா இருந்துதே. எங்களைக் கூப்பிடலையேன்னு நெனைச்சிண்டிருந்தேன்,” என்றாள். பொய்க்கோபம்தான். ஆனால் சாய்மா அதுவரை தன் காதின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

அந்த வாரம் அவள் ஷோயப்பை நச்சரித்துப் பூட்டை மாற்றினாள். வீடு முழுக்க சாம்பிராணி போட்டாள். மஹ்விஷைத் தனியே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். பள்ளி விட்டால் மாமி வீடு, தான் வந்து கூப்பிடும் வரை மாமி வீடு, மேலே போகவே கூடாது. குழந்தை ஏன் என்று கேட்டது. பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொன்னாள். குழந்தையிடம் பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது, அன்று பிடிக்காமலே சொன்னாள்.

மூன்றாவது சனிக்கிழமை வடபழனியில் வேலை வந்தது. போகாவிட்டால் அந்த மருமகளுக்கு வேறு யாராவது அழுதுவிடுவார்கள். மாமியிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மதியம் டீ இடைவேளையில் அய்யாதுரை போன் செய்தார். மனிதர் குரலில் குளிர்ச்சி வழிந்தது.

“ஏம்மா, அந்த வீட்டப் பத்தி ரெண்டு வரி போட்டிய பாரு, அதான் இப்ப பெருசாப் போச்சு. அருவியக் கூட விட்டுருதாவ, அந்த வீட்டத்தான் கேக்காவ. நம்ம மதிவாணன் இத்தனை வருசமா அந்த ரோட்டுல போறான். இப்பத்தான் அப்படி ஒரு வீடு இருக்குன்னே பாத்தானாம்.”

அவர் படம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முதல் படத்தில் ஓடு வேய்ந்த வீடு, பின்னால் மூடுபனி, ஆரஞ்சு மரங்கள். இரண்டாவது படம் அந்த வீட்டின் உள்ளே எடுத்தது. மஞ்சள் திரை. ஷோயப் கடையில் மிஞ்சிய சாட்டின் துணியில் அவளே வெட்டித் தைத்தது, ஓரம் கோணலாகப் போனதால் கழற்றித் தைக்க நினைத்து இன்னும் செய்யாதது. சுவரில் ஒட்டகம். அதன் வாலில் மஹ்விஷ் பென்சிலால் வரைந்த குஞ்சம்.

படத்தில் மழைக்கோட்டு போட்ட ஆட்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். அவள் வீட்டு ஹாலில்.

“ஒரே ஒரு குறைதான்,” என்று போனில் அவர் குரல் கேட்டது. “அந்தப் பிள்ளையைத்தான் காணோம்னு எல்லாரும் சொல்லுதாவ.”

“எந்தப் பிள்ளை?”

“என்னம்மா இப்படிக் கேக்க? நீதான சொல்லியிருக்க.”

ஆனந்தகுமார் என்ன ஏது என்று கேட்காமல் அந்தப் பதிவைத் தேடி எடுத்தான். அவள் முகம் அப்படி இருந்தது. பாலம் வந்தது, ஓட்டு வீடு வந்தது, ஒட்டகம் வந்தது. பிறகு ஹெட்போனில் அவள் குரல், அன்றைய மழையோடும் வீட்டு நினைப்போடும், குழைந்து குழைந்து சொன்னது. ‘ஜன்னலோரம் ஒரு சிறுமி காத்துக்கொண்டிருப்பாள். கூப்பிடுங்கள், வருவாள். முகடு வரைக்கும் அவள்தான் உங்களுக்கு வழிகாட்டி. அவள் பின்னாலேயே நடங்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.’ உடனே இசை.

வேலையிலிருந்து அம்மா வரும்வரை ஜன்னலில் காத்திருக்கும் தன் பெண்ணை நினைத்துச் சொன்னது. ஏக்கத்தில் சொன்னது. யாரோ கேட்டு அனுபவிக்கட்டும் என்று ஊருக்கே எடுத்துக் கொடுத்தது.

போனில் அய்யாதுரை இன்னும் இருந்தார். அந்தப் பதிவை நிறுத்தச் சொன்னாள். உடனே, இப்போதே, வேனில் போடக் கூடாது. அவர் குழம்பிப் போய் மதிவாணனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் டவர் கிடைக்காது, ஏறி மேலே வந்தால்தான் பேச முடியும். இந்நேரம் பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள்.

மாமிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மாமி எடுத்தாள்.

“இப்போதாம்மா மேல போனா. கலர் பென்சில் வேணுமாம். நீ குடுத்து வெச்ச சாவியக் குடுத்தேன். நாழியாறதே, வந்துடுவா.”

உடனே போய்க் கூட்டிவரச் சொன்னாள். முட்டி வலியோடு படியேறுகிற மாமி. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. எப்படி வெளியே வந்தாள், எப்படி ஆட்டோ பிடித்தாள் என்று தெரியவில்லை. மழை. கோடம்பாக்கம் பாலத்தில் வண்டிகள் நின்றன. நகர்ந்தன. நின்றன. மடியில் போன், மாமி எடுக்கவில்லை. ஆட்டோவுக்குள் எங்கிருந்தோ தைல வாசனை. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, மேடம் ஆஸ்பத்திரிக்கா போவணும் என்று கேட்டான். வீட்டுக்கு என்றாள். யா அல்லாஹ், வீட்டுக்கு.

படியில் மாமி உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

“கூட்டம் எறங்கி வந்துண்டே இருக்கு, என்னால ஏற முடியலை,” என்றாள் மாமி. “யாரோ குழந்தையப் பேர் சொல்லாம, பாப்பா பாப்பான்னு கூப்பிட்டா. இவ, தோ வரேன்னு சொன்னா. கேட்டேன்.”

படியில் யாரும் இல்லை. சுவரோரம் மட்டும் ஈரம்.

கதவு திறந்திருந்தது. ஹாலில் ஈ காக்கா இல்லை. தரை முழுக்கச் செம்மண். பெரிய தடங்கள். நிறைய. வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும். ஜன்னல் மேடையில் நோட்டு விரிந்து கிடந்தது. பச்சைப் பென்சில் முனை ஒடிந்து. மேடையிலிருந்து ஒரு சின்ன வெறுங்கால் தடம் இறங்கியது. அடுத்தது. அடுத்தது. மற்ற எல்லாத் தடங்களுக்கும் முன்னால். எதிர்ச்சுவருக்குப் போனது. ஒட்டகத்துக்குக் கீழே. கடைசித் தடத்தில் குதிகால் மட்டும்தான் இருந்தது. மீதி சுவருக்குள்.

சுவரைத் தட்டினாள். அறைந்தாள். மஹ்விஷ் என்று கத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்தப் பக்கம் பக்கத்து மனையின் வெறும் மழைதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அறைந்தாள்.

போன் ஒலித்தது. அய்யாதுரை. வேன் மேலே ஏறிவிட்டது, டவர் கிடைத்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பிள்ளை இருந்ததாம், எல்லாருக்கும் ஒரே சந்தோஷமாம், மதிவாணன் வீடியோ அனுப்பியிருக்கிறானாம். பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டாள். குரல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. அவருக்கு எப்படியோ புரிந்தது.

“முகட்டோட இவங்க திரும்பிட்டாவ. அது மேல நடந்துக்கிட்டே போச்சாம். அதுக்கு அங்கதான வீடு? போயிரும்மா.”

முகடு வரைக்கும். பதிவில் சாய்மா அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் சிறுமி என்ன செய்வாள் என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்புவாள் என்று சொல்லவில்லை. அதற்குள் இசை வந்துவிட்டது.

தரையில் செம்மண்ணில் உட்கார்ந்து வீடியோவைத் திறந்தாள். ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல். மூடுபனி. மழைக்கோட்டு போட்ட முதுகுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறுகின்றன. எல்லாருக்கும் முன்னால், வெறுங்காலோடு, காலையில் அவளே பின்னிவிட்ட இரட்டைச் சடையோடு, மஹ்விஷ். கையில் மீதிப் பென்சில்கள். யார் கையிலோ இருந்த சின்ன ஒலிபெருக்கியில் சாய்மாவின் குரல் குழைந்துகொண்டிருந்தது. ‘அவள் பின்னாலேயே நடங்கள்.’

சாய்மா கண்ணைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள். போனை வாயருகே வைத்து, மைக் முன்னால் பேசுகிற அந்தக் குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“சிறுமி இப்போது திரும்பி வருவாள். அம்மாவிடம் வருவாள்.”

திரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கடைசியில் வந்த ஆள் திரும்பினான். அவனுக்கு முன்னால் போன பெண் திரும்பினாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை திரும்பியது. ஒவ்வொருவராக, அத்தனை பேரும் திரும்பி, மழை சொட்டும் முகங்களோடு, அந்த ஹாலையும் சுவரையும் தரையில் உட்கார்ந்திருந்த அவளையும், பார்க்க வேண்டிய இடம் ஒன்றைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு அப்பால் இரட்டைச் சடை மட்டும் திரும்பாமல் பனிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.